மூட்டு வலியும் வீட்டு வைத்தியமும்

சென்னை மாநகரின் வடபகுதியில், பேசின் பாலத்திற்கு அண்மையில், மூலக்கொத்தளம் என்னும் இடம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கருப்பர் நகரைச் சுற்றி எழுப்பிய மதிலின் மூலையில் நின்ற கொத்தளமே இப்பெயருக்குக் காரணம் என்பர். மதில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அம்மதிலுக்காக விதிக்கக் கருதிய வரியின் பெயரைத் தாங்கி நிற்கும் வால்டாக்ஸ் சாலையும், பழைய சிறைச்சாலைச் சாலையை ஒட்டிய மாடிப் பூங்காவும் அதனை இன்றும் நினைவூட்டுகின்றன.

கிராம முன்னேற்றம் பற்றிப் பேசும் ஏட்டில் நகரத்து மூலை ஒன்றைப் பற்றிக் கூறுவானேன் என்று வாசகர்கள் கருதலாம். காரணம் உண்டு. மூலக்கொத்தளம், இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் ஆகிய இப்பகுதிகளில் துறைமுகத்திலும் இரயில் சரக்குக் கொட்டடிகளிலும் ஆலைகளிலும் உழைத்தவர்களில் மிகப் பலர் கிராமங்களிலிருந்து சென்றவர்களே. சென்னைத் துறைமுகத்தில் 1983இல் சரக்குப் பெட்டக முனையம் அமைவதற்கு முன்னர், தானியமும் உரமும் மூட்டை மூட்டையாக மனிதர் முதுகிலும் தலையிலுமே பெரும்பாலும் ஏறி இறங்கின. அவ்வாறு முப்பது ஆண்டுகள் பாரம் சுமந்தவரின் முழங்காலுக்கும், முப்பது ஆண்டுகள் சேற்றில் குனிந்து நாற்று நட்ட பெண்மணியின் முழங்காலுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இருவரும் ஐம்பது வயதைத் தாண்டியதும் திண்ணையைப் பிடித்துக்கொண்டே எழுந்திருக்கிறார்கள். இருவரும், "வயதாயிற்று, இனி இப்படித்தான்" என்று கூறுகிறார்கள். இந்த எண்ணம் சரியன்று என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூலக்கொத்தளத்தைக் குறிப்பிட இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. 1939இல் சிறையில் உயிர்நீத்த மொழிப்போர் வீரர்களான நடராசனும் தாளமுத்துவும் அங்குள்ள இடுகாட்டில் துயில்கின்றனர் என்பது பலரும் அறிந்த செய்தி. அவ்விடத்திலேயே டாக்டர் எஸ். தருமாம்பாள் அம்மையாரின் நினைவிடமும் உள்ளது. தஞ்சைக் கரந்தையைச் சேர்ந்த இவ்வம்மையார் சித்த மருத்துவம் பயின்று சென்னையில் அத்தொழிலை நடத்தியவர். விதவை மறுமண உதவித் திட்டத்திற்குத் தமிழக அரசு சூட்டிய பெயர் இவருடையதே. அவர் பயின்ற சித்த மருத்துவத்தில் வாத நோய்கள் 80 என வகுத்துரைக்கப்பட்டுள்ளன. 'கீல்' என்றால் மூட்டு. மூட்டில் வரும் நோயைக் 'கீல்வாயு' என்றனர். 80 என்ற கணக்கை அப்படியே ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், மூட்டு வலி என்பது ஒரே நோய் அன்று, பல நோய்கள் என்னும் உண்மையை நம் முன்னோர் கண்டிருந்தனர் என்பது தெளிவு. இன்று நம்மிடையே அடிக்கடி மறக்கப்படுவதும் இவ்வுண்மையே.

எந்த வலி என அறிதல்

முதலாவது, தேய்வினால் வரும் மூட்டு வலி. எலும்பும் எலும்பும் சேருமிடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு ஒன்று மெத்தை போல் அமைந்துள்ளது. வயது, உடல் பருமன், பழைய அடி, ஓயாத பளு ஆகியவற்றால் அது தேய்ந்து கரடாகிறது. பெண்களுக்கு இது மிகுதி. முழங்காலில்தான் பெரும்பாலும் தோன்றும். நடந்தால் வலிக்கும், ஓய்ந்தால் தணியும். காலையில் எழுந்ததும் சிறிது பிடிப்பு இருக்கும். அரை மணிக்குள் விட்டுவிடும். வீட்டு முறைகள் பெரிதும் பயன் தருவது இவ்வகைக்கே.

இரண்டாவது, முடக்குவாதம். இது தேய்வினால் வருவதன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றலே திசைமாறி மூட்டுகளைத் தாக்குவதால் வருவது. இரு கைகளிலும் விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் ஒருசேர வீங்கும். காலைப் பிடிப்பு ஒரு மணி நேரத்திற்கு மேலும் நீடிக்கும். நாற்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கும் வரும். பீடி, சுருட்டுப் பழக்கம் இந்நோய் வரும் வாய்ப்பை அதிகமாக்குகிறது. தொடங்கிய சில மாதங்களுக்குள் தக்க மருந்து கொடுத்தால் மூட்டு கோணாமல் காக்கலாம். இலையும் எண்ணெயுமாக ஓர் ஆண்டைக் கழித்துவிட்டால், கோணிய விரலை எந்த மருந்தாலும் நிமிர்த்த இயலாது.

மூன்றாவது, யூரிக் அமிலம் இரத்தத்தில் மிகுந்து மூட்டில் படிகமாகத் தங்குவதால் வருவது. நள்ளிரவில் கால் கட்டைவிரல் அடியில் திடீரென்று சிவந்து வீங்கும். போர்வை பட்டாலும் தாங்காது. மதுப் பழக்கம் உள்ளவர்களிடத்தில், சிறப்பாகப் பீர் அருந்துவோரிடத்தில், இது மிகுதி. ஈரல் முதலிய உள்ளுறுப்பு இறைச்சியும், நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களும் அவர்களுக்கு ஆகா. காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கும் அதே மத்தி மீனின் கொழுப்பு, முடக்குவாதக்காரருக்குச் சிறிது நன்மை செய்வது. ஒருவருக்கு உதவும் உணவு மற்றவருக்குத் தீங்காவதால், பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணமானதைக் கேட்டு நாமும் உண்பது எவ்வளவு பொருந்தாத செயல் என்பதை இதிலிருந்து அறியலாம்.

இவையன்றி, காய்ச்சலுக்குப் பின் வரும் மூட்டு வலி ஒன்றுண்டு. 1964இல் சென்னையிலும் வேலூரிலும் பரவிய சிக்கன்குனியா, பின்னர் நெடுங்காலம் அடங்கியிருந்து 2006இல் தமிழகக் கிராமங்களை வாட்டியது. காய்ச்சல் சில நாட்களில் விட்டது. வலியோ சிலரிடம் மாதக்கணக்கில் நீடித்தது. 1952இல் தங்கனீக்காவில் முதன்முதல் இனங்காணப்பட்டபோது, அந்நாட்டு மக்கள் தம் மொழியில், வளைந்து முடங்கச் செய்வது என்னும் பொருள்பட இட்ட பெயரே சிக்கன்குனியா. நாம் 'முடக்கு' என்பதை அவர்களும் அவ்வாறே கண்டனர் என்பது வியப்புக்குரியது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வாழ்வோர் மற்றொன்றையும் மனத்திற் கொள்ள வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் புளோரைடு மிகுந்திருந்தால், பற்களில் பழுப்புக் கறையும், நாளடைவில் முதுகும் கழுத்தும் மூட்டும் இறுகும் நோயும் உண்டாகும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவே ஏற்றது. வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 வரை பொறுக்கலாம். இக்குறையைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. இவ்வலிக்கு மருந்து நல்ல குடிநீரே அன்றி எந்தத் தைலமும் அன்று.

அசைவே முதல் மருந்து

வலிக்கிறது என்று காலை மடக்கி உட்கார்ந்துவிடுவது இயல்பு. ஆனால் தேய்வு வலிக்கு இதைக் காட்டிலும் கெடுதலானது வேறில்லை. மூட்டைத் தாங்கி நிற்பது எலும்பு மட்டுமன்று. அதைச் சூழ்ந்த தசையும் தாங்குகிறது. தொடையின் முன்பக்கத் தசை மெலிந்தால் முழு உடற்பாரமும் தேய்ந்த குருத்தெலும்பின் மேலேயே இறங்கும். வலிக்கு அஞ்சி அசையாதிருப்பதால் தசை மெலிகிறது. தசை மெலிவதால் வலி வளர்கிறது. இச்சுழலை அறுப்பதற்குச் செலவில்லாத பயிற்சிகள் இரண்டு உள்ளன.

பாயில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, சுருட்டிய துண்டு ஒன்றை முழங்காலின் அடியில் வைக்க வேண்டும். துண்டை நசுக்குவது போல் முழங்காலைக் கீழ் நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணும் வரை நிறுத்திப் பின் தளர்த்த வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. இது பழகிய பின், திண்ணையிலோ நாற்காலியிலோ அமர்ந்து, ஒரு காலைத் தரைக்கு இணையாக நீட்டி, ஐந்து எண்ணி, மெல்ல இறக்க வேண்டும். இதுவும் பத்து முறை. காலை, மாலை இரு வேளையும் செய்து வந்தால் ஆறு அல்லது எட்டு வாரங்களில் எழுந்து உட்காரும்போது வேறுபாடு தெரியும். முதல் வாரம் சிறிது வலி கூடுவது இயல்பே. மறுநாளும் வலி தணியாமல் வீக்கமும் கண்டால் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம், விட்டுவிடலாகாது.

சமதரையில் நடத்தல் நன்று. வரப்பின் மேல் தடுமாறி நடப்பதும் பாரத்தோடு படியேறுவதும் வேறு, உடற்பயிற்சியாக நடப்பது வேறு. "நான் நாள் முழுதும் வயலில் நடக்கிறேன், எனக்கு எதற்குப் பயிற்சி?" என்று உழவர் கேட்பது நியாயமே. ஆயினும் வயல் வேலையில் குனிதலும் குந்துதலும் சுமத்தலுமே மிகுதி. தொடைத் தசையைத் தனியே வலுப்படுத்தும் அசைவு அதில் குறைவு.

கைத்தடி பிடிப்பதை நம்மவர் கௌரவக் குறைவாக எண்ணுகின்றனர். பிடிப்போரும் பெரும்பாலும் வலிக்கும் பக்கத்துக் கையிலேயே பிடிக்கின்றனர். இது தவறு. வலது முழங்கால் வலித்தால் இடக்கையில் தடி இருக்க வேண்டும். வலது காலை ஊன்றும் அதே நேரத்தில் தடியையும் ஊன்றினால், பாரத்தில் ஒரு பங்கு கைக்கு மாறிவிடும்.

உடல் எடையைப் பற்றியும் ஒரு சொல். சமதரையில் நடக்கும்போதே முழங்கால் நம் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரத்தைத் தாங்குகிறது. பருமனான முதியோரிடம் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2005இல் வெளியாயிற்று. எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலின் மேல் விழும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்று அது காட்டியது. ஐந்து கிலோ குறைத்தவர் ஓர் அடிக்கு 20 கிலோ சுமையை இறக்கி வைத்தவராகிறார். நாளில் சில ஆயிரம் அடிகள் நடப்பவருக்கு இது எத்தகைய பேறு என்பதைக் கணக்கிட்டுக் கொள்ளலாம். மூன்று வேளையும் அரிசிச் சோறே உண்போர் ஒரு வேளைக்குக் கம்பு, கேழ்வரகு, காய்கறி என்று மாற்றி, சோற்றின் அளவைக் குறைத்தலே இதற்கு எளிய வழி. தேநீர்க் கடையில் நாளொன்றுக்கு ஐந்தாறு முறை சர்க்கரை கலந்த தேநீர் அருந்துவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒத்தடமும் இலைகளும்

வெப்பம் தசைப் பிடிப்பைத் தளர்த்தி வலியைத் தணிக்கும். நம் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒத்தட முறைகள் இக்காரணத்தால் இன்றும் போற்றத்தக்கவை. நொச்சி இலையை இரும்புச் சட்டியில் சிறிது விளக்கெண்ணெய் விட்டு வதக்கி, துணியில் முடிந்து, பொறுக்கும் சூட்டில் மூட்டைச் சுற்றி ஒற்றி எடுப்பது ஒரு முறை. தழுதாழை கிடைக்கும் ஊர்களில் அதனையும் இவ்வாறே பயன்படுத்துவர். 'வாதமடக்கி' என்பது அதன் மறுபெயர். இலை கிடைக்காவிடில் வறுத்த கல்லுப்பு முடிச்சே போதும். பதினைந்து அல்லது இருபது நிமிடம் செய்யலாம். ஒத்தடம் முடிந்த பின் பயிற்சி செய்தால் மூட்டு எளிதில் அசையும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உள. சிவந்து, சுட்டு, வீங்கியிருக்கும் மூட்டிற்கு வெப்பம் ஆகாது. குளிர்ந்த நீரில் நனைத்த துணியே ஏற்றது. நீரிழிவு உடையோர் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். சூடு தெரியாமல் கொப்புளமாகி, அது புண்ணாகி, காலையே இழக்க நேரிடலாம். ஆகையால் ஒத்தடம் கொடுப்பவர் முடிச்சைத் தம் புறங்கையில் வைத்துப் பார்த்த பின்னரே நோயாளியின் மேல் வைக்க வேண்டும்.

இனி முடக்கறுத்தான். முடக்கை அறுப்பது என்று பெயரிலேயே பயனைச் சொல்லும் இக்கொடியை அறியாத கிராமம் இல்லை. வேலியில் தானே படரும். காற்றடைத்த சிறு பை போன்ற காயினுள் கருநிற விதையும், அவ்விதையின் மேல் நெஞ்சின் வடிவில் ஒரு வெண்புள்ளியும் காணப்படும். ஊறவைத்த அரிசியோடு ஒரு கைப்பிடி இலையை அரைத்துத் தோசையாக வார்ப்பது வழக்கம், இரசமாகவும் வைக்கலாம். அளவு மிகுந்தால் சிலருக்கு வயிறு இளகும். வடசென்னையில் இதைக் கீரைக் கட்டாக விலை கொடுத்து வாங்குகின்றனர். நாம் வேலியோரத்தில் மிதித்துச் செல்கிறோம்!

இக்கீரையால் எவ்வளவு நன்மை என்பதை அளந்து கூறுவதே முறை. ஆய்வுக்கூடங்களில் விலங்குகளிடத்து இதன் சாறு வீக்கத்தைத் தணித்ததாகக் கண்டுள்ளனர். மனிதரிடத்து நடந்த ஆராய்ச்சிகள் மிகக் குறைவு. ஆகவே நல்ல உணவு என்று கருதி வாரத்தில் இரண்டு முறை உண்ணலாம். இதை உண்பதால் மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தலாகாது. மஞ்சளைப் பற்றிச் சற்றுக் கூடுதலான ஆராய்ச்சிகள் உள்ளன. முழங்கால் வலியை அது ஓரளவு குறைப்பதாக அவை கூறுகின்றன. சமையலில் சேரும் மஞ்சளால் தீங்கில்லை. மஞ்சள் சத்தைப் பிழிந்தெடுத்த மாத்திரைகள் வேறு. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போரும் கல்லீரல் நோயுடையோரும் அவற்றை மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது. எண்ணெய் தேய்த்தல் சுகம் தரும். தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. நல்லெண்ணெயே போதுமானது.

உடனே பறக்கும் வலி

சந்தைகளிலும் பேருந்து நிலையங்களிலும் பெயரில்லாத பொட்டலங்களில் மூட்டுவலிச் சூரணம் விற்கப்படுவதைக் காண்கிறோம். இரண்டு நாளில் வலி பறந்துவிட்டது என்று உண்டவர் கூறுவதும் உண்மையே. அப்படி உடனே பறந்தால்தான் ஐயுற வேண்டும். இத்தகைய பொட்டலங்களில் ஸ்டீராய்டு மருந்தை இரகசியமாகக் கலப்பது பல முறை கண்டறியப்பட்ட மோசடி. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருக்கும். மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரையும் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. வெயிலில் வியர்த்து, நீர் அருந்தாது உழைக்கும் உழவருக்கு இக்கேடு இன்னும் விரைவில் வரும். மூலிகை என்று சொல்லப்படுவதெல்லாம் இயற்கை மருத்துவம் ஆகிவிடாது. எது உள்ளே இருக்கிறது என்று தெரிந்ததையே உண்ண வேண்டும்.

சித்த மருத்துவம் வேண்டுவோருக்கு முறையான வழி உள்ளது. அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் சித்த மருத்துவப் பிரிவு இயங்குகிறது. சென்னை செல்வோருக்கு அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையும், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் உள்ளன. மூலக்கொத்தளத்தார்க்கு அருகிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. விரல்கள் இரு கையிலும் வீங்குதல், காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் சிவந்து வீங்குதல், விழுந்த பின் காலை ஊன்ற இயலாமை, காரணமின்றி உடல் மெலிதல் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் இலை பறிக்கப் போகாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு கூடிய வீக்கமாயின் அன்றைக்கே போக வேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

தனி மனிதர் செய்வது ஒரு பாதி. மறுபாதி ஊராட்சியின் கையில் இருக்கிறது. முழங்கால் வலியுள்ளோர் குந்தி எழுவதற்கே அஞ்சிக் கழிப்பறையைத் தவிர்ப்பது பல வீடுகளில் நடப்பது. பொதுக் கழிப்பறையில் ஒன்றிலேனும் உயரமான இருக்கையும், சுவரில் கைப்பிடிக் குழாயும் அமைத்தல் பெருஞ்செலவு அன்று. ஊராட்சி அலுவலகம், நியாயவிலைக் கடை ஆகியவற்றின் படிக்கட்டில் கைப்பிடி வைத்தால் முதியோர் வாழ்த்துவர். நூறு நாள் வேலையில் முதியோருக்கு மண் சுமக்கும் பணியை விடுத்து நீர் வழங்குதல் முதலிய இலகுவான பணியைக் கொடுக்க மேற்பார்வையிடுவோர் கருத வேண்டும்.

மூட்டையின் எடையும் கவனத்திற்குரியது. வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கத்தக்கது 55 கிலோவுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1967இல் பரிந்துரைத்தது. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ சிப்பம் கட்டுகின்றனர். தனியார் களத்தில் 75 கிலோ மூட்டையை ஒரே ஆள் தூக்கும் வழக்கத்தை விவசாயிகளே பேசி மாற்றிக்கொள்ளலாம்.

2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட இயலாதோர்க்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை அளிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. தம் வார்டில் அவ்வாறு வீட்டோடு கிடப்பவர் யார் யார் என்று பட்டியல் எடுத்துச் சுகாதார நிலையத்திடம் அளிப்பது உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு மாலைப் பொழுதில் முடிக்கக்கூடிய பணி. குடிநீரில் புளோரைடு அளவைப் பரிசோதிப்பதும், கிராம சபையில் அம்முடிவை வாசிப்பதும் அவ்வாறே. சிக்கன்குனியாவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. தேங்கிய நல்ல நீரிலேயே முட்டையிடுவது. பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, மூடாத தொட்டி ஆகியவற்றை வாரம் ஒரு முறை ஒழித்தால் ஒரு வகை மூட்டு வலியை ஊருக்குள் வராமலே தடுத்தவராவோம்.

நொச்சியை மீண்டும் ஒருமுறை குறிப்பிட வேண்டும். அதன் புகை கொசுவை விரட்டும் என்பதால் சென்னை மாநகராட்சியே அக்கன்றுகளை வீடுகளுக்கு வழங்கியதுண்டு. ஆடு மாடு அதனை மேய்வதில்லை. ஆதலால் உயிர்வேலிக்கு மிக ஏற்றது. விதை தேடி அலைய வேண்டுவதில்லை. விரல் பருமனுள்ள முற்றிய குச்சியை ஒரு முழ நீளத்திற்கு வெட்டி, பாதி மண்ணுள் புதையுமாறு, ஏரிக்கரை ஓரத்திலும் பள்ளிச் சுற்றுவேலியிலும் இரண்டடிக்கு ஒன்றாக நட்டு, அதன் மேல் முடக்கறுத்தானைப் படரவிடலாம். ஐப்பசி மழைக்கு முன் நட்டுவிட்டால் தண்ணீர் ஊற்றும் வேலையும் அதிகமிராது.